பாட்டிக் துணி வாங்கிக் கொடுத்த கிராமம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிறவர்கள், திருவான்மியூர், பாலவாக்கம், நீலாங்கரை எல்லாம் தாண்டியதும் ஈஞ்சம்பாக்கத்தில் ‘சோழமண்டலம்’ என்ற பெயரைப் பார்த்திருப்பார்கள். தாம்பரம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக வந்தால் கிட்டத்தில்தான். புதிதாகப் பார்க்கிறவர்களில் சிலர் அதை ஏதோ நிதி நிறுவனம் என்று நினைப்பதும் உண்டு!

அது ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து வாழ்வதற்காக 1966-ல் உருவாக்கிய கிராமம். இந்தியாவில் இந்த மாதிரி முயற்சிகளில் மிகப் பெரியது, நீண்ட நாள் தாக்குப்பிடித்தது என்று கலை வரலாறு எழுதுகிறவர்கள் இதைச் சொல்வார்கள். ஆனால் அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. இந்தக் கிராமத்தின் நிலம் அரசாங்கம் கொடுத்ததல்ல. பெரிய பணக்காரர் யாரும் தானம் செய்ததும் அல்ல. துணியில் மெழுகு தடவி, சாயத்தில் முக்கி, அதில் போட்ட வடிவங்களை விற்ற காசில் வாங்கியது.

ஒரு வடிவத்தை வரைந்து விற்று மனிதன் பிழைக்க முடியுமா? இந்தக் கடற்கரைக்கு இது 400 வருடக் கேள்வி.

பெயர் இல்லாத ஓவியர்கள்

சோழமண்டலக் கரையைத்தான் ஐரோப்பியர்கள் தங்கள் வாயில் நுழைந்தபடி ‘கோரமண்டல்’ ஆக்கினார்கள். 17-ம் நூற்றாண்டில் இந்தக் கரைக்கு டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் வந்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, கையால் எழுதிச் சாயமேற்றிய பருத்தித் துணி. இன்று கலம்காரி என்று சொல்லப்படுவதன் பழைய உருவம். துணிமேல் மெழுகால் எழுதி, எழுதிய இடத்தில் சாயம் பிடிக்காமல் தடுப்பது, படிகாரம் போன்ற பொருள்களைத் தடவி நிறத்தை நிலைக்க வைப்பது என்று பல கட்டங்கள் கொண்ட வேலை. துவைத்தாலும் போகாத நிறம். ஐரோப்பாவுக்கு அப்போது இது தெரியாது.

வியாபாரிகள் சும்மா வாங்கிப் போகவில்லை. தங்கள் ஊரில் எந்தப் பூ விலைபோகும், எந்தக் கொடி விலைபோகும் என்று மாதிரிப் படங்களைக் கப்பலில் அனுப்பினார்கள். இங்கே உள்ளவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் கைவாகில் எழுதினார்கள். அந்தத் துணிகள் இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் தொங்குகின்றன. எழுதியவர் பெயர் ஒன்றில்கூடக் கிடையாது. கூலி, வேலைக்கு மட்டும். வடிவத்துக்கு என்று தனிக் காசு கிடையாது.

தொழில்நுட்பமும் அப்படியே போனது. 1742-ல் கேர்து என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார், இங்கே மதம் மாறிய கைவினைஞர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, சாயமேற்றும் முறையை ஒவ்வொரு கட்டமாக எழுதி ஊருக்குக் கடிதம் அனுப்பினார். இந்தத் துணிகளால் உள்ளூர்த் தொழில் படுத்துவிடும் என்று பயந்து பிரான்ஸ் 1686-லும், இங்கிலாந்து 1700-லும் 1721-லும் தடைச் சட்டங்கள் போட்டிருந்தன. பிரான்ஸ் 1759-ல் தடையை நீக்கியது. அடுத்த வருடமே பாரிஸ் அருகே ழூயி என்ற ஊரில் ஓபர்காம்ஃப் தன் துணி அச்சுத் தொழிற்சாலையைத் தொடங்கிவிட்டார். அங்கே வடிவம் வரைகிறவனுக்குச் சம்பளம், தொழிற்சாலைக்காரருக்குப் பேரும் புகழும். சோழமண்டலக் கரையில் எழுதியவனுக்கு ஒன்றும் இல்லை.

டாக்டர் தொடங்கிய பள்ளி

1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் சொந்த முயற்சியில் ஓர் ஓவியப் பள்ளி ஆரம்பித்தார். சில வருடங்களில் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. அதுதான் இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில், பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி. அந்தப் பள்ளியின் முக்கிய நோக்கம் கைத்தொழில். மட்பாண்டம், உலோக வேலை, மர வேலை என்று விற்கக்கூடிய பொருள்களுக்கு நல்ல வடிவம் சொல்லிக் கொடுப்பது. இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு விதை போட்டதும் 1890-களின் கடைசியில் இந்தப் பள்ளிதான்!

1929-ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்தியத் தலைவரானார். மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்தவர் இவர்தான். இவர் காலத்தில் ஓவியமும் சிற்பமும் மேலே வந்தன. 1957-ல் இவருக்குப் பின் பொறுப்பேற்றவர் கே.சி.எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் 1911-ல் பிறந்தவர். 1944-லேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியவர்.

பணிக்கருக்குக் கிடைத்தது நல்ல மாணவர் கூட்டம். ஆனால் படித்து முடித்து வெளியே போனால் என்ன செய்வது? சென்னையில் அப்போது நவீன ஓவியம் வாங்க ஆள் கிடையாது. கேலரி என்று சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர், சினிமா பேனர், விளம்பர கம்பெனி, இவைதான் வழி. இன்னொரு வழி, 1950-களில் மத்திய அரசு தொடங்கிய நெசவாளர் சேவை மையம். கைத்தறிக்குப் புது வடிவங்கள் போட அங்கே ஓவியர்களை வேலைக்கு எடுத்தார்கள். ரெட்டப்ப நாயுடு போன்ற நல்ல ஓவியர்கள் சென்னை மையத்தில் வேலை பார்த்தார்கள். மாதச் சம்பளம் உண்டு. ஆனால் எத்தனை பேருக்கு அந்த வேலை கிடைக்கும்? வருடா வருடம் படித்து வெளியே வருகிறவர்களுக்கு அது போதாது.

பலர் வேறு வேலைக்குப் போய்த் தூரிகையையே மறந்துவிட்டார்கள். பணிக்கரை உறுத்தியது இதுதான்.

மெழுகும் சாயமும்

பணிக்கர் கண்டுபிடித்த வழி மிக எளிமையானது. ஓவியத்தை விற்றுப் பிழைக்க நினைக்காதே, கைவினைப் பொருளை விற்றுப் பிழை, ஓவியத்தை உன் இஷ்டத்துக்குப் போடு. பகலில் சில மணி நேரம் கைவினை, மற்ற நேரம் சொந்தக் கலை. விற்றாக வேண்டிய கட்டாயம் ஓவியத்தின்மேல் விழாமல் இருந்தால்தான் அது சுதந்திரமாக இருக்கும் என்பது அவர் கணக்கு.

இதற்காக 1960-களில் ஓவியர்கள் சேர்ந்து ஓவியர் கைவினைச் சங்கம் என்று ஒன்றை அமைத்தார்கள். எடுத்துக்கொண்ட முக்கியமான பொருள் பாட்டிக்.

பாட்டிக் என்றவுடன் ஜாவாதான் ஞாபகம் வரும். 1927-ல் தாகூர் ஜாவாவுக்குப் போய் வந்த பிறகு சாந்திநிகேதனில் அது பரவியது. அங்கிருந்து இந்தியாவில் பல இடங்களுக்கும் போனது. முறை இதுதான். வெள்ளைத் துணியில் எந்த இடம் வெள்ளையாகவே இருக்க வேண்டுமோ அங்கே உருகிய மெழுகைத் தூரிகையால் தடவ வேண்டும். பிறகு மஞ்சள் சாயத்தில் முக்கினால் மெழுகு இல்லாத இடம் மட்டும் மஞ்சளாகும். மஞ்சளாகவே இருக்க வேண்டிய இடத்துக்கு மறுபடி மெழுகு. பிறகு சிவப்பு. கடைசியில் கறுப்போ கருநீலமோ. வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குத்தான் போக முடியும், திரும்ப முடியாது. சூடான சாயம் ஆகாது, மெழுகு இளகிவிடும். முடிந்ததும் கொதிநீரில் போட்டு மெழுகை எடுத்துவிடுவார்கள். துணியைக் கசக்கும்போது மெழுகு விண்டுபோய், அந்த விரிசல் வழியாகச் சாயம் இறங்கி மெல்லிய கோடுகள் வரும். அந்தக் கோடு ஒரு துணியில் வந்த மாதிரி இன்னொன்றில் வராது.

யோசித்துப் பார்த்தால் இது ஓவியனுக்காகவே செய்த கைவினை. பெரிய முதலீடு வேண்டாம், யந்திரம் வேண்டாம். அடுப்பு, மெழுகு, சில தொட்டிகள் போதும். கோடு போடத் தெரிந்த கைக்கு உடனே பலன் கிடைக்கும். இன்னொரு வேடிக்கை, மெழுகால் சாயத்தைத் தடுக்கும் வித்தை இந்தக் கரைக்குப் புதிதே அல்ல. 300 வருடங்களுக்கு முன் இதே கரையில் செய்துகொண்டிருந்ததுதான் ஜாவா, சாந்திநிகேதன் என்று சுற்றிக்கொண்டு வேறு உருவத்தில் வந்து சேர்ந்தது.

பாட்டிக் விற்பனைக் கண்காட்சிகளுக்கு நல்ல வரவேற்பு. ஓவியத்தைப் பார்த்து ‘இது என்ன புரியவில்லையே’ என்று போனவர்கள், அதே கை போட்ட வடிவத்தைத் துணியில் பார்த்து வாங்கிக்கொண்டு போனார்கள். புடவையிலும் திரைச்சீலையிலும் யாரும் அர்த்தம் கேட்பதில்லை அல்லவா! வந்த பணத்தைச் சேர்த்து, ஈஞ்சம்பாக்கத்தில் கடலை ஒட்டிச் சுமார் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். சோழர் பெயரையே ஊருக்கு வைத்தார்கள்.

மணலும் சவுக்கும்

1966-ல் அந்த இடம் இன்றைய ஈசிஆர் அல்ல. மணல், சவுக்குத் தோப்பு, மீனவர் குடியிருப்புகள். அகலமான கிழக்குக் கடற்கரைச் சாலை வந்ததே 1998-ல்தான். முதலில் வந்தவர்கள் கீற்றுக் கொட்டகை போட்டுத் தங்கினார்கள். நிலத்தை மனைகளாகப் பிரித்துக்கொண்டு மெல்ல மெல்லச் சொந்த வீடு கட்டினார்கள். 1967-ல் ஓய்வு பெற்ற பணிக்கரும் அங்கேயே வந்துவிட்டார். 1977-ல் இறக்கும்வரை சோழமண்டலம்தான் அவர் உலகம்.

சுல்தான் அலி, சேனாதிபதி, ஜெயபால பணிக்கர், வாசுதேவ், கோபிநாத், விஸ்வநாதன், ஹரிதாசன், பி.எஸ். நந்தன், அனிலா ஜேக்கப், அர்னவாஸ், பணிக்கரின் மகன் நந்தகோபால் என்று சென்னைக் கலை இயக்கத்தின் பெரிய பெயர்கள் பலவும் இந்த ஊரோடு சேர்ந்தவை. பாட்டிக்கோடு நிற்கவில்லை. உலோகத் தகட்டு வேலை, மரம், பீங்கான், தோல் என்று பலதும் செய்தார்கள். விற்பனை சங்கத்தின் வழியாக. வந்ததில் ஒரு பங்கு பொதுச் செலவுக்கு, மற்றது செய்தவருக்கு.

கைவினை ஓவியத்தைக் கெடுத்துவிடும் என்று அன்று சொன்னவர்கள் உண்டு. நடந்தது பெரும்பாலும் நேர்மாறு. நந்தகோபாலின் சிற்பங்களில் தகடும் பற்றவைப்பும் எனாமலும் சேர்ந்து வரும் விதத்தைப் பார்த்தால் கைவினையின் கை தெரியும். வாசுதேவ் செப்புத் தகட்டில் செய்தார், பிற்காலத்தில் நெசவாளரோடு சேர்ந்து தன் ஓவியங்களைத் தறியில் திரைச்சீலைகளாக நெய்ய வைத்தார். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களே ஜாதகக் கட்டம் போல, படிக்க முடியாத எழுத்துகளால் பரப்பை நிரப்பியவைதானே.

ஆனால் எல்லாம் இனித்தது என்று சொல்லிவிட முடியாது. வந்தவர்கள் எல்லோரும் தங்கவில்லை. சிலர் பாரிஸுக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். கனவு நகரங்களைக் கோட்டோவியமாக வரைந்த அபூர்வக் கலைஞர் ராமானுஜம், அந்தக் கிராமத்திலேயே வாழ்ந்தும், 1973-ல் இளம் வயதில் இறந்தார். கூட்டுறவு சோறு போடும். எல்லாத் துயரத்தையும் அது ஆற்றிவிடாது. ஓவியச் சந்தை சூடு பிடித்தபோது ஓவியத்தை விற்றே வாழ முடிந்தவர்களுக்கு மெழுகு அடுப்பின் தேவை குறைந்துபோனது. ஒரு விதத்தில் அதுதான் பணிக்கர் நினைத்ததும்.

பக்கத்து ஊரில் இன்னொரு வழி

சோழமண்டலத்துக்கு வடக்கே சில கிலோமீட்டரில் திருவான்மியூர் கலாக்ஷேத்ரா. ருக்மிணி தேவி 1936-ல் தொடங்கிய நிறுவனம். நடனத்துக்குப் பொருத்தமான புடவை கடையில் கிடைக்காமல் சொந்தமாகவே தறி போட்டார் அவர். பழைய புடவைகளின் கரைகளைத் தேடியெடுத்து, அகலமான கரையும் எதிர்நிற முந்தானையுமாக நெய்ய வைத்தார். பிற்பாடு கமலாதேவி சட்டோபாத்யாயின் தூண்டுதலில் கலம்காரிப் பட்டறையும் வந்தது.

‘கலாக்ஷேத்ரா புடவை’ என்பது இன்று எல்லாக் கடையிலும் ஒரு ரகத்தின் பெயர். அந்தப் பெயரில் விற்பதெல்லாம் திருவான்மியூர்த் தறியில் நெய்ததா என்றால், இல்லை. வடிவம் பரவியது, ரசனையும் பரவியது. காசு பரவிய இடம் வேறு.

விற்பதா, உரிமம் கொடுப்பதா?

இங்கேதான் ஒரு முக்கியமான வித்தியாசம். வடிவத்தை ஒரேயடியாக விற்றுவிடுவது ஒன்று. வடிவம் தன்னிடமே இருக்க, ‘இந்தப் பொருளுக்கு, இத்தனை வருடத்துக்கு, இந்த நாட்டில் பயன்படுத்திக்கொள், விற்கிறதில் இவ்வளவு சதவீதம் ராயல்டி கொடு’ என்று உரிமம் கொடுப்பது இன்னொன்று. இரண்டாவதில் ஒரே வடிவம் படுக்கை விரிப்புக்கு ஒருவரிடமும் சுவர்க் காகிதத்துக்கு இன்னொருவரிடமும் போகலாம். மேல்நாட்டில் பரப்பு வடிவமைப்பாளர்கள் பலர் வாழ்வது இப்படித்தான்.

நம் பக்கத்து வழக்கம் பெரும்பாலும் முதல் ரகம். ரவி வர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, நஷ்டம் தாங்காமல் 1901-ல் அதைத் தன் ஜெர்மானியத் தொழில்நுட்ப வல்லுநர் ஷ்லெய்ஷருக்கே விற்றுவிட்டார். லட்சுமியும் சரஸ்வதியும் அதற்குப் பிறகும் பல காலம் அச்சாகிக்கொண்டே இருந்தார்கள், லாபம் வேறு வீட்டுக்குப் போனது. சென்னை ஓவியப் பள்ளியில் படித்த கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த சாமி படங்கள் சிவகாசிக் காலண்டர்களில் தமிழ்நாட்டு வீடெல்லாம் தொங்கின. ஒவ்வொரு காலண்டருக்கும் ஒரு பைசா வீதம் அவருக்கு வந்திருந்தால் கணக்கே வேறு.

சட்டம் என்ன சொல்கிறது? 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியம் வரைந்தவருக்கு ஆயுள் முழுவதும், இறந்தபின் 60 வருடமும் உரிமை உண்டு. சம்பளத்துக்கு வேலை பார்த்து வரைந்தால் உரிமை முதலாளிக்கு. உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று கொள்ளப்படும். இதுவரை நல்லதுதான்.

சிக்கல் 15-ம் பிரிவில். பதிவு செய்யத்தக்க ஒரு வடிவமைப்பைப் பதிவு செய்யாமல், சொந்தக்காரரோ அவர் அனுமதி பெற்றவரோ அதைப் பொருள்மேல் போட்டுத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், அந்த வடிவமைப்பில் பதிப்புரிமை முடிந்துபோகும். 2000-ம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்தால் 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 5 வருடம் பாதுகாப்பு. ஆனால் வெளியே காட்டுவதற்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். முதலில் விற்றுப் பார்ப்போம், ஓடினால் பதிவு செய்வோம் என்றால் நடக்காது.

மைக்ரோஃபைபர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் சோபாத் துணிகளில் போட்ட பூ வடிவங்களை இந்தியாவில் காப்பியடித்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டது. துணிக்காகவே போட்ட வடிவம், பதிவும் இல்லை, 50-ஐத் தாண்டியாயிற்று, ஆகவே பதிப்புரிமை கோர முடியாது என்று 2009-ல் டில்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சுவரில் மாட்டும் ஓவியத்துக்கு உள்ள ஆயுள், துணியில் போட்ட பூவுக்குக் கிடையாது!

ஒரு புடவை ரகம் 50 உருப்படி என்பது தி. நகரில் ஒரு நாள் வியாபாரம். தனியாக வீட்டில் உட்கார்ந்து வடிவம் போடுகிறவருக்கு ஒவ்வொன்றையும் பதிவு செய்யக் காசும் நேரமும் எங்கே?

இப்போது சோழமண்டலத்துப் பாட்டிக்கைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று புரியும். அவர்கள் விற்றது மறுபடி செய்ய முடியாத தனித்தனித் துண்டுகள். 50 என்ற கணக்கே அங்கே எழவில்லை. விரிசல் கோட்டைக் காப்பியடிக்க முடியாது. பாட்டிக் மாதிரி மில்லில் அச்சடித்த மலிவுத் துணி வந்தபோது அதை எந்தச் சட்டமும் தடுத்திருக்காது. ஆனால் அதற்கு முன்பே கையில் வந்த காசை நிலமாக மாற்றியிருந்தார்கள். தனித்தனியாகச் செலவழித்திருந்தால் சில மாத வாடகை. சேர்த்து வைத்ததால் ஒரு ஊர்.

இன்று

ஓவியர் கைவினைச் சங்கம்தான் இன்றும் கிராமத்தை நடத்துகிறது. 2009-ல் அங்கே தற்காலக் கலைக்கான அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. சவுக்குத் தோப்பாக இருந்த இடத்தின் மதிப்பு இப்போது எங்கேயோ போய்விட்டது.

தென்சென்னைப் புறநகரில் வடிவத்துக்கு வேலை குறையவில்லை. தாம்பரத்தில் 1984-ல் தொடங்கிய ஏற்றுமதி மண்டலம், தரமணியில் ஆடை வடிவமைப்புக் கல்லூரி, தெருவுக்குத் தெரு ஆரி வேலையும் ஃபேப்ரிக் பெயிண்டிங்கும் செய்யும் வீடுகள். கூலிக்கு வரைகிறவர்கள் ஏராளம். வரைந்தது தன்னுடையது என்று எழுதி வாங்கிக்கொள்கிறவர்கள் கொஞ்சம்தான். கிண்டியில், ஜிஎஸ்டி சாலையிலேயே, அறிவுசார் சொத்துரிமை அலுவலகம் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. அந்த வாசலைத் தாண்டித் தினமும் வேலைக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தங்களுக்கும் உரியது என்று தெரியும்?

400 வருடங்களுக்கு முன் இந்தக் கரையில் பூ எழுதியவன் பெயர் இல்லாமல் போனான். 1966-ல் பூ எழுதியவர்கள் சேர்ந்து நின்றதால் பெயரும் வைத்துக்கொண்டார்கள், வீடும் கட்டிக்கொண்டார்கள். அடுத்த முறை ஈஞ்சம்பாக்கம் வழியாகப் போகிறவர்கள் உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாம். கடற்கரையும் பக்கத்தில்தான் :-)